சைவ அடுக்கில் இருந்த கொரிய நூடுல்ஸ்

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்காக பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் வழக்கமான கொரிய நூடுல்ஸை எடுத்தேன். காளான் படம் போட்டது, சைவ அடுக்கில் இருப்பது.

இன்றுதான் பாக்கெட்டின் பின்னால் கடைக்கார அக்கா ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். உப்பு, சீனி, காளான் எல்லாம் ஆங்கிலத்தில். நடுவில் ஒரு வரி மட்டும் ¼Ò°í±â.

"என்னக்கா இது?"

"கொரியன் லா. சப்ளையர் அனுப்புன ஃபைல்ல அப்படித்தான் இருந்துச்சு, அப்படியே பிரிண்ட் பண்ணிட்டேன்."

"மத்ததெல்லாம் இங்கிலீஷ்ல இருக்கே?"

"அது அவங்களே மாத்தி அனுப்புனாங்க. இது ஒண்ணு விட்டுப்போச்சு."

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பழைய கொரியக் குறியாக்கத்தில் வந்த கோப்பை நம் கணினி ஐரோப்பிய எழுத்தாகப் படித்தால் இந்தக் கோலத்தில்தான் வரும். ஆனால் விட்டுப்போக இந்த ஒரு வரிதானா கிடைத்தது?

அங்கேயே நின்று போனில் அதைக் கொரிய எழுத்துக்கு மாற்றினேன். பிறகு மொழிபெயர்த்தேன்.

மாட்டிறைச்சி.

அக்காவிடம் காட்டினேன். "ஓ" என்றார். பாக்கெட்டுகளை அள்ளிப் பக்கத்து அசைவ அடுக்கில் வைத்தார். முகத்தில் ஆச்சரியம் என்று எதுவும் இல்லை.

மூன்று மாதமாக வெள்ளிக்கிழமை விரதத்தை இதை வைத்துத்தான் முடிக்கிறேன். என்னோடு சேர்ந்து முடித்தவர்கள் தயங்காமல் கையைத் தூக்குங்கள்.