எட்டு மூலை மணிக்கூடு

அலுமினியத்தை அரத்தால் உரசும்போது பல் கூசும். சோளகக் காற்று வீசிய ஒரு கோடை முழுவதும் விசுவமடுவில் எங்கள் வீட்டு மாலைகள் அந்த ஓசையோடுதான் கழிந்தன. உரசியவள் அக்கா. உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்த அவளுக்குப் பரீட்சைக்குக் கட்டிக்கொண்டு போக ஒரு மணிக்கூடு தேவைப்பட்டது.

போர் நடந்த வன்னிக்குள் பற்றறி கொண்டுவர அரசாங்கம் தடை போட்டிருந்த காலம் அது. ஊர் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. பரீட்சை மண்டபச் சுவரில் இருந்ததும் நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் ஓடியது அம்மாவின் பழைய "சாவி குடுக்கிற" மணிக்கூடு மட்டுமே. கண்ணாடி உடைந்து, பட்டி இற்றுப்போய், அலுமாரித் தட்டில் மல்லாந்து கிடந்தபடியே அது ஓடும். அதற்குப் புதிய உடல் செய்வதென்று அக்கா முடிவெடுத்தாள்.

மாதிரி, சந்திச் சலூனின் சுவரில் இருந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து கிழித்து ஒட்டிய விளம்பரம்: எட்டு மூலை வளையம், மூலைக்கொரு திருகாணி, உடலோடு ஒன்றாகவே வார்த்ததுபோன்ற உலோகப் பட்டி. பெண்பிள்ளை சலூனுக்குள் போக முடியாதென்பதால், பேருந்துக்கு நிற்பவள்போல எதிரே நின்று, கதவுச் சீலை காற்றில் விலகும்போதெல்லாம் பார்த்து அவள் அதை மனதில் பதித்துக்கொண்டாள்.

இரவில் இராணுவம் வானிலிருந்து பரசூட்டில் போடும் "பரா" வெளிச்சக் குண்டின் வெற்றுக் குழாய் எங்கள் வயலில் விழுந்து கிடந்தது. வளையமும் பட்டியும் அதிலிருந்து வந்தன. கண்ணாடி, பற்றறியில்லாமல் கிடந்த ரோச் லைற்றின் முகப்பு. பழுதான ரேடியோவில் ஆறு திருகாணிகள்தான் தேறின. மற்ற இரண்டும் தலை அராவிய சப்பாத்து ஆணிகள்.

"என்ன பிள்ளை, வோட்டர் பம்பின்ர மூடியைக் கழட்டிக் கையில கட்டப்போறியோ?" என்று அப்பா கேட்டார்.

"நீங்கள் சிரியுங்கோ அப்பா, வெளிநாட்டில இதைப் பெரிய பணக்காரர்தான் கட்டுவினம்."

அம்மா ஒரு நிபந்தனையோடுதான் மணிக்கூட்டைக் கொடுத்தார். "சாவி நான்தான் குடுப்பன். நீ முறுக்கினால் சுருள் அறுந்திடும்." விடியக்காலையில் அப்பா சைக்கிளைத் தாங்கியில் நிறுத்தி மிதிக்க, டைனமோவில் ரேடியோ உயிர் பெறும். இந்திய வானொலியின் செய்தி தொடங்கும் கணத்தில் அம்மா சாவி கொடுத்து, முள்ளைச் சரிபார்ப்பார். அரசாங்கம் நேரத்தை முன்னுக்குத் தள்ளியபோது இயக்கத்தின் கையிலிருந்த வன்னி அதை ஏற்கவில்லை. எங்கள் "பழைய நேரம்" இந்திய நேரமாகவே இருந்தது. கொழும்பின் "புதிய நேரம்" அதைவிட அரை மணித்தியாலம் முந்தியிருந்தது.

நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சை என்பதால் அது மட்டும் புதிய நேரத்தில் நடக்கும். பரீட்சைக்கு முதல் நாள் மாலை அக்கா முள்ளை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைத்தாள். மறுநாள் விடிய, செய்தி தொடங்கியதும், அம்மா வழக்கம்போலச் சாவி கொடுத்து முள்ளைத் திருப்பிச் சரிசெய்தார். பிறகு அதைத் தன் கையாலேயே அக்காவின் கையில் கட்டி, நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினார்.

எங்கள் வீதியில் கணிதம் படித்தவள் அவள் ஒருத்திதான். தனியாகச் சைக்கிளில் போனாள். மணிக்கூட்டின்படி நேரம் தாராளமாக இருந்தது. மண்டப வாசலை அடைந்தபோது உள்ளே எல்லோரும் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளர் அவளுடைய கையைப் பார்த்தார்.

"உமக்கு மட்டும் இந்திய நேரமோ, பிள்ளை? கெதியாப் போய் இரும்."

கடைசி இரண்டு கணக்குகளை அவளால் தொட முடியவில்லை. அன்று பின்னேரம் கிணற்றடியில் என்னிடம் மட்டும் சொன்னாள். "அம்மாட்டச் சொல்லிப்போடாதை. தெரிஞ்சால் அவா தாங்கமாட்டா." பெறுபேறு வந்தபோது அந்தப் பாடத்தில் ஒரு படி குறைந்திருந்தது. பொறியியலுக்கு அது போதவில்லை. அக்கா கணித ஆசிரியையானாள்.

சில ஆண்டுகளின் பின் அரசாங்கம் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தது. பழையது, புதியது என்ற பேச்சே இல்லாமல் போயிற்று. பிறகு வந்த இடம்பெயர்வில் அந்த மணிக்கூட்டைக் கடற்கரை மணலில் எந்தப் பதுங்குகுழியில் விட்டோம் என்று ஒருவருக்கும் நினைவில்லை. அப்பாவையும் அந்த மணலில்தான் விட்டுவந்தோம்.

இன்று வவுனியாவில், அக்கா வீட்டு விறாந்தையில், என் பிள்ளைகள் மணி கேட்டால் கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள். அம்மா அவர்களிடம் அந்தக் கதையை இன்னும் சொல்கிறார்.

"உங்கட பெரியம்மா என்ர மணிக்கூட்டைக் கட்டித்தான் சோதினை எழுதினவள். காலமை நான்தான் சாவி குடுத்து நேரம் வைச்சு விட்டனான். பாருங்கோ, கடைசியில அரசாங்கமும் என்ர நேரத்துக்குத்தானே வந்தது!"

விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கும் அக்கா தலை நிமிர்வதில்லை.

"ஓம் அம்மா," என்பாள். "நீங்கள் வைச்சதுதான் சரியான நேரம்."