களத்தில் அழிந்த சாம்பல் கோடு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருடம் தள்ளிப்போட்டுவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்துக்கு அஞ்சியதைவிட, என் குற்றத்தை நானே ஊருக்குப் படித்துக் காட்டுவதற்குத்தான் அஞ்சினேன். குலசாமி முன்னால் விழுந்து எழுந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

எங்கள் மலைமேல், குண்டூர் நாட்டில் எனக்கும் என் தம்பிக்கும் ஒரே களம். சாமையை அடித்துத் தூற்றிக் குவித்ததும், குவியலைச் சுற்றி அடுப்புச் சாம்பலால் கோடு போடுவோம். யாராவது கை வைத்தால் கோடு காட்டிக் கொடுத்துவிடும். மறுநாள் முதல் படியைச் சாமிக்கு அளக்கும்வரை மூத்தவனைத் தவிர யாரும் அந்தக் கோட்டைத் தொடக் கூடாது. அதற்குள் ஆடு மாடு வாய் வைத்துவிட்டால் தீட்டு.

அந்த வருடம் படி அளக்கப் போன காலையில், தம்பி வீட்டுப் பக்கமாகக் கோடு ஒரு முழத்துக்கு அழிந்திருந்தது. குவியலும் அங்கே சரிந்திருந்தது.

"ஏன்டா, நேத்து களத்துக்கு வந்தியா?"

"வந்தனுங்ண்ணா. தார்ப்பாய் எடுக்க வந்தேன்."

"தார்ப்பாய் மட்டுந்தான் எடுத்தியா?"

அவன் பதில் சொல்லவில்லை. சொல்லாததையே நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

வயிற்றெரிச்சலில் செம்மேட்டு டீக்கடையில் வாயை விட்டேன். ஒரு படி போயிருக்கும் என்றுதான் சொன்னேன். மத்தியானம் பஸ்ஸில் ஒருத்தர், "ஏனுங்க, உங்க தம்பி ரெண்டு மூட்டையத் தூக்கிட்டானாமா?" என்றார். இல்லை என்று திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தம்பியைக் கூப்பிட்டு, சாயங்காலம் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். அப்படிச் சத்தியம் வாங்கிய வீடும் கொடுத்த வீடும் அதற்குப் பிறகு தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காது. சாவுக்கும் போகாது. தெரிந்துதான் சொன்னேன். "சரிங்ண்ணா, வாரேன்" என்றான்.

என் மருமகள் அடிவாரத்து ஊர்ப் பெண். விடிந்தால் போனும் கையுமாக இருப்பாள். பூத்த பூ, வெந்த இட்லி, மலையில் இறங்கும் மேகம், எல்லாவற்றையும் ஸ்டேட்டஸ் போடுவாள். "ஊட்டுல இருக்கறதையெல்லாம் ஊருக்குக் காட்டுனா திருஷ்டி பட்டுரும் சாமி" என்று பல தடவை சொல்லியிருக்கிறேன். "சரிங்க மாமா" என்பாள். எனக்குத் தெரியாமல் போடுகிறாளென்று சந்தேகம்தான்.

கோயிலுக்குக் கிளம்பியபோது வாசலில் வழியை மறித்து நின்றாள்.

"மாமா, திட்டாதீங்க. இதப் பாருங்க."

போனில் ஒரு படம். எங்கள் வீட்டு வெள்ளாட்டுக் குட்டி குவியல்மேல் ஏறி நிற்கிறது. வாயெல்லாம் சாமை. காலடியில் கோடு கலைந்து கிடக்கிறது. 'எங்க ஊட்டு மகாராணி' என்று எழுதியிருந்தாள். போட்டது முந்தின நாள் சாயங்காலம். நாற்பது பேர் சிரித்திருந்தார்கள்.

"தொரத்திட்டேனுங்க. தீட்டும்பீங்கன்னு சொல்லலை. கோட்டைத் தொடவும் பயம். சின்ன மாமாவச் சத்தியத்துக்குக் கூப்புடுவீங்கன்னு நெனைக்கலீங்க."

போனை வாங்கிக்கொண்டு தம்பி வீட்டுக்கு ஓடினேன். அவன் குளித்து நெற்றி நிறைய விபூதி பூசிக் கிளம்பி நின்றான். படத்தைப் பார்த்தான்.

"ஆட்டுக்குட்டி சொல்லித்தான் நம்புவீங்களாண்ணா? எம் மூஞ்சியப் பாத்து நம்ப முடியலையா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தீட்டுக் கழித்து, முதல் படியை அவன் கையாலேயே அளக்கச் சொன்னேன். அளந்தான். என்னை மட்டும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

"என் தம்பி ஒரு மணியும் எடுக்கலைன்னு அதுலயே போட்டுவுடு கண்ணு" என்று மருமகளிடம் சொன்னேன். போட்டாள். ஆறு பேர் பார்த்தார்கள். மறுநாள் அது அழிந்தும் போனது. டீக்கடையில் நான் சொன்னது அழியவில்லை. போன சந்தையில்கூட ஒருத்தர் அந்த 'மூணு மூட்டை'யைப் பற்றிக் கேட்டார்.

அந்தப் போனை இன்றும் நான் நம்புவதில்லை. நல்லது நடந்தது அம்மன் செயல் என்பேன். ஆனால் அந்த வேண்டாத படம் இல்லாவிட்டால் எனக்குத் தம்பி இல்லை. ஆகவே படிக்கிறவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். மூட்டைக் கணக்கு ஏற்ற வேண்டாம், என் பேச்சை மென்மையாக்கவும் வேண்டாம். அண்ணன் சந்தேகப்பட்டான், தம்பி எடுக்கவில்லை. உள்ளது உள்ளபடி சொல்லுங்கள்.