இடி ஆபரேட்டரும் அக்காவின் டார்ச்சும்

முப்பத்தொன்று. இந்த எண்ணை மறக்காதீர்கள். எங்கள் தியேட்டரின் புகார்ப் புத்தகத்தில் ஒரே மாதத்தில் ஏறிய புகார்கள். முப்பத்தொன்றும் சத்தத்தைப் பற்றியவை. கதாநாயகி பெருமூச்சு விட்டதில் தன் மூக்குக்கண்ணாடி நகர்ந்துவிட்டதாக ஒருவர் எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

சத்தத்துக்குப் பொறுப்பு ஆபரேட்டர். இருபத்தாறு வருடமாக மாடி அறையில் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து படம் ஓட்டுகிறவர். நாங்கள் வைத்த பேர் இடி. எங்கள் தொழிலாளர் சங்கக் கூட்டத்தில் எல்லாத் தீர்மானத்துக்கும் கை தூக்குவார். கொள்கைப் பிடிப்பு என்று நினைத்தோம். காது மந்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

புகார் வந்தால் இடி கீழே இறங்கி, கடைசி வரிசையில் நின்று கேட்பார். "அப்படி ஒண்ணும் இல்லையே? கம்மியால்ல இருக்கு!" என்று மேலே போய் வால்யூம் குமிழை இன்னும் ஒரு கோடு ஏற்றுவார்.

முதலாளி பொறுமை இழந்தார். இடியிடம் சொல்லிப் பயனில்லை என்று, வாசலில் டிக்கெட் கிழித்து, இருட்டில் டார்ச் அடித்து சீட் காட்டும் அக்காவிடம் சொன்னார். அக்கா இடியின் மனைவி.

"சத்தம் அதிகம்னு இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும், உன் வீட்டுக்காரர் வேற வேலை பாத்துக்க வேண்டியதுதான்."

அக்கா வீட்டில் பேச்சை எடுத்தார். "ஏங்க, உங்களுக்குக் காது கேக்கலை."

"யாருக்கு?"

"உங்களுக்கு! நம்ம வீட்டு சீரியல் கதையை மூணாவது வீட்டுக்காரி எனக்கே சொல்றா. அவ வீட்ல டி.வி.யே கிடையாது!"

இடி டி.வி.யை அணைத்தார். "அந்த ரூமை விட்டா நான் எங்க போவேன்?"

"எங்கயும் போக வேணாம். நான் கீழதான இருக்கேன். உங்க ஜன்னலைப் பாத்து டார்ச்சை ஒரு தடவ அடிச்சா குறைங்க. ரெண்டு தடவ அடிச்சா கூட்டுங்க."

முதல் நாளே குமிழ் ஏழரையிலிருந்து நான்கரைக்கு இறங்கியது. படத்தில் வசனமும் உண்டு என்பதை அன்றுதான் கண்டுபிடித்தோம். பதினாறு நாள் புத்தகத்தில் ஒரு வரி ஏறவில்லை.

பதினேழாம் நாள், மதியக் காட்சி. காதல் பாட்டு. ரசிகர்கள் உருகிப்போய் செல்போன் விளக்கைப் போட்டு, கையை உயர்த்தி ஆட்டினார்கள். இருநூறு விளக்குகள். இடி ஜன்னல் வழியே பார்த்துத் திடுக்கிட்டார். குறைத்தார். இன்னும் ஆடியது. இன்னும் குறைத்தார். குமிழ் பூஜ்யத்தில் போய் முட்டியது.

ஹாலில் நிசப்தம். திரையில் கதாநாயகி வாயைத் திறந்து திறந்து மூடினாள். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் போனில் கத்திக்கொண்டிருந்தது எல்லாருக்கும் கேட்டது: "தலைவலின்னு லீவு போட்டுட்டுப் படத்துக்கு வந்திருக்கேன்டி!" பின்வரிசையில் இருந்த அவளுடைய மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் அதே தலைவலியில்தான் வந்திருந்தார்.

அக்கா இரண்டிரண்டு தடவையாக டார்ச் அடித்துப் பார்த்தார். அந்த வெளிச்சக் காட்டில் அது யாருக்குத் தெரியும்? மூச்சிரைக்க மாடிக்கு ஓடினார்.

இடி வேர்த்து நின்றார். "இதுக்கு மேல குறைக்க இடம் இல்லம்மா!"

குமிழை நான்கரைக்கு ஏற்றினார்கள். ஆனால் இடைவேளையில் ஒருவர் புத்தகம் கேட்டு வாங்கி எழுதிவிட்டார். முதலாளி அதோடு மாடிக்கு வந்தார். சங்கச் செயலாளர் என்ற முறையில் நானும் பின்னாலேயே வந்தேன்.

"புகார் வந்தாச்சும்மா. ரூம் சாவியை வாங்கிக் குடு."

"என்ன எழுதியிருக்கு, படிங்க முதலாளி."

"'சத்தமே வரவில்லை.'"

"அதிகம்னு எழுதியிருக்கா?"

"...இல்ல."

"அதிகம்னு வந்தாதானே போகணும்னீங்க?"

முப்பது வருடம் முதலாளிகளோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். இவ்வளவு சீக்கிரம் ஜெயித்த வாதத்தைப் பார்த்ததில்லை. முதலாளி புத்தகத்தைப் பின்னால் புரட்டினார். பதினாறு நாள், வெறும் தாள்.

"நாளைக்குக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ," என்றார். "டார்ச்சையும் விட்டுடாதே."

"என்ன சொல்றாரு?" என்றார் இடி.

"இருக்கச் சொல்றாரு!"

அன்று மாலைக் காட்சிக்கு முன்பே அக்கா டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிவிட்டார்.

அந்த மாதப் புகார்: ஒன்று.