சிவப்பு மை படாத வரி

அச்சாபீசில் புரூப் பார்க்கிறவன் பிழைப்பு விசித்திரமானது: ஒழுங்காக வேலை செய்தால் அப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது.

கடுதாசியைப் பத்துத் தடவை படித்துத் தபால்பெட்டியில் போட்ட மறு நிமிஷம், தப்பு ஞாபகம் வந்து தலையில் அடித்துக்கொண்ட அன்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஐம்பதுகளின் நடுவில் புதுக்கோட்டையில் ஓர் அச்சாபீசில் சேர்ந்தேன். ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லிவிட்டார். தப்போடு ஒரு காகிதம் வெளியே போனால் நானும் அதோடு போகவேண்டியதுதான். அன்னவாசலில் எனக்குப் பெண் பேசி வைத்திருந்தார்கள். வேலை போனால் பெண்ணும் போய்விடும்.

இரண்டு பெரியவர்கள்

திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. காலையில் ஒரு பெரியவர் புரூப் பார்க்க வந்தார். மணமக்கள் பெயரையோ முகூர்த்த நேரத்தையோ அவர் சீண்டவே இல்லை. நேரே அடியில் போய், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே தன் பெயர் முதலில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மத்தியானம் அவருடைய பங்காளி வந்தார். வயதில் இளையவர், ஆனால் மூத்த வீட்டு வாரிசு. அவர் தன் பெயரை மேலே ஏற்றிக் கையெழுத்துப் போட்டார்.

யார் பெயரை மேலே அடித்தாலும் மற்றவர் முதலாளியிடம் போய் நிற்பார். கடைசியில் மெஷினைப் பாதியில் நிறுத்தி, அந்த இரண்டு பெயரையும் மேல் கீழாக மாற்றி, பாதி அப்படியும் பாதி இப்படியுமாக அடித்துத் தனித்தனிக் கட்டாகக் கட்டினேன். வாங்க வந்தபோது முதல் பெரியவர், பங்காளிக்கென்று கட்டிய கட்டையும் பிரித்துப் பார்த்துவிட்டார். தொலைந்தேன் என்று நின்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இந்த யோசனை எங்க அப்பச்சி காலத்துல ஒருத்தருக்கு வந்திருந்தா, கல்லுல யாரு பேரு மொதல்லன்னு சண்டை போட்டு ஊருணிக்கு ரெண்டு படித்துறை கட்டியிருக்க வேண்டியதில்லை தம்பி."

ராஜா போன பிறகு

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து பல வருஷங்கள் ஆகியும், ஜவுளிக்கடைக்காரர் ஒருவருடைய கடிதத் தாளில் 'புதுக்கோட்டை சமஸ்தானம்' என்றே இருந்தது. மறுபடி அடிக்க வந்தபோது அந்த இரண்டு சொல்லையும் வெட்டிவிட்டு 'திருச்சி ஜில்லா' என்று எழுதினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து அவர் தாள்கட்டை முதலாளி மேஜையில் பொத்தென்று போட்டார். "இதை மாத்தச் சொன்னது யாரு?" என்று முதலாளி என்னைப் பார்த்தார். சமஸ்தானந்தான் இப்போது இல்லையே என்று முனகினேன். கடைக்காரர் கத்தினார்: "ராசா போயிட்டாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நான் இங்கிட்டுத்தானேய்யா இருக்கேன்! திருச்சின்னு போட்டதுல என் சரக்கு பூராம் திருச்சியிலயே எறங்கிக் கெடக்கு!"

என் கல்யாணப் பத்திரிகை

அந்தத் தடவை முதலாளி திட்டியதோடு விட்டார். "சொந்த மூளையைக் கலக்காதே, கொடுத்த தாளோடு ஒத்துப் பார், போதும்" என்றார். வருஷம் முடிய ஒரு மாதந்தான் பாக்கி. அதற்குள் முகூர்த்தம் குறித்துவிட்டார்கள். பத்திரிகை வேலையை, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து, மாமனாராகப் போகிறவர் என்னிடமே ஒப்படைத்தார்.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பத்திரிகைக்குக் கோத்த ஈய எழுத்தை உடனே கலைக்கமாட்டோம். அடுத்த கல்யாணம் வந்தால், பழைய பத்திரிகையில் மாற்றவேண்டியதை மட்டும் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்போம். கம்பாசிட்டர் அந்த வரிகளை மாற்றுவார். குடுமியான்மலைக் கல்யாணம் ஒன்று அப்போதுதான் அடித்து முடிந்திருந்தது. அதில் என் பெயர், அப்பா பெயர், மாமனார் பெயர், தேதி, இடம் எல்லாவற்றையும் திருத்திக் கொடுத்தேன். புரூப் வந்ததும் விரல் வைத்து, திருத்திய தாளோடு வரிக்கு வரி ஒத்துப் பார்த்தேன். எல்லாம் பொருந்தியிருந்தது. பெருமையாகக் கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால், மாதிரி பார்க்க வந்த ஒருவர், ஆபீசில் அடித்த பத்திரிகைகளைச் சேர்த்து வைத்திருந்த ஆல்பத்திலிருந்து என் பத்திரிகையை எடுத்து நீட்டினார். மணமகள் இருக்கவேண்டிய இடத்தில் மரகதம் என்று இருந்தது. மரகதம் குடுமியான்மலைப் பெண். எனக்குப் பேசியவள் ராசம்மாள். அந்த ஒரு வரியில் நான் சிவப்பு மையே வைக்கவில்லை. ராசம்மாள் பெயர் நெஞ்சு நிறைய இருந்ததால் தாளிலும் இருப்பதாகவே கண் நினைத்துக்கொண்டது. பத்திரிகையை உருவிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அன்னவாசல் பஸ் ஏறினேன்.

மாமனார் வயலில் இருந்தார். வரப்பில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முந்நூறு பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டதாம். ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். "இதை யாரு மாப்புள்ள படிக்கிறா? மஞ்சளைத் தடவி, வெத்தலைபாக்கு வச்சு நீட்டுறோம். தேதியை வாயால சொல்லிட்டு வாரோம்" என்று சிரித்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. முதலாளி வந்து வாழ்த்தினார், வேலையும் நிரந்தரம் என்றார். ஒருத்தர் கண்ணிலும் படாமல் தப்பித்தோம் என்ற நிம்மதியோடு, மறுநாள் மத்தியானம் இலை முன்னால் உட்கார்ந்தேன். நெடுநேரம் சோறு வரவில்லை. கூப்பிட்டேன். ராசம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "பத்திரிகையில இருக்கவ குடுமியாமலையில இருந்து வந்துக்கிட்டு இருக்கா. அவ வந்து எலையில போடுவா, இருங்க."

ஊரார் தப்பைப் பிடிக்க நான் சம்பளம் வாங்கினேன், என் தப்பைப் பிடிக்க வீட்டிலேயே ஓர் ஆள் சம்பளமில்லாமல் வந்து சேர்ந்ததுதான் அந்தப் பத்திரிகை அடித்ததில் நான் கண்ட பலன்.