தெர்மாமீட்டருக்குத் தட்டி கட்டிய கோடைகள்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் செகந்திராபாத் பக்கத்து ராமச்சந்திராபுரத்தில் எங்கள் தொழிற்சாலைக் குடியிருப்பின் வெயிலைப் பதினான்கு வருடம் அளந்தவன் நான். எத்தனை இஞ்சினியரால் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?

அங்கே நான் தோட்ட மேஸ்திரி. செடிகளுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று தெரிய, புல்வெளி நடுவில் ஒரு வெள்ளைப் பெட்டி வைத்திருந்தார்கள். காற்றுப் புகச் சாய்வுப் பலகைகள், உள்ளே ஒரு தெர்மாமீட்டர். தினமும் மதியம் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். ஜுரம் வந்த நாளிலும் போர்வையைச் சுற்றிக்கொண்டு போய் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரல் பிறந்தால் ஆபீஸ் ஜன்னல்களுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்போம். ஒரு கோடையில் ஒரு தட்டி மிஞ்சியது. அதிகாரிகள் நிழலில் இருக்க, வெயிலை அளக்கிற கருவி வெயிலில் வாடுவதா? பெட்டியின் மேற்குப் பக்கம் கட்டி நனைத்தேன். காற்று வரும்போதெல்லாம் மழை பெய்து ஓய்ந்த மண்போல ஒரு வாசனை. பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல அந்த வாசனைக்குள் நின்று எழுதுவேன்.

என் மனைவி சிரித்தாள். "இங்க ஒருத்தி அடுப்படியில வேகுதா. கண்ணாடிக் குழாய்க்குத் தட்டி கட்டுதீகளோ?"

அப்படி ஆறு கோடை போயிற்று.

பிறகு வானிலை அதிகாரி ஒருவர் வந்தார், செகந்திராபாத் தமிழர். நகரத்தின் மேற்குப் பக்கம் வருடத்துக்கு வருடம் சூடாகிறதா என்று பார்க்கப் பழைய நோட்டுகளைத் தேடிக்கொண்டிருந்தார். என்னுடையதைப் புரட்டினார்.

"ஹவ், ஆமா, எழுத்து அழகாத்தான் இருக்கு. ஆனா ஊரே சுடுறப்ப உங்க தோட்டம் மட்டும் எப்படி ஊட்டி ஆச்சு, மேஸ்திரி?"

மரம் வளர்ந்துவிட்டது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். தட்டியைக் காட்டினேன். அவர் தலையில் கைவைத்தார்.

"நக்கோ மேஸ்திரி, வேண்டாம். இந்த ஆறு வருசம் நமக்கு நக்கோ. கோடு போட்டு அடிச்சிட வேண்டியதுதான்."

என் ஆறு வருட மதியங்கள்! விடுவேனா?

"சார், இன்னொரு தெர்மாமீட்டர் குடுங்க. தட்டி எவ்வளவு குறைக்குதுன்னு நானே அளந்து தரேன்."

பழைய மரப்பெட்டிகளின் பலகையில் அதே அளவில் இன்னொரு பெட்டி செய்து வெள்ளையடித்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் நின்றன; ஒன்றுக்கு ஈரத் தட்டி, ஒன்றுக்கு வெறும் வெயில். வறண்ட காற்றடித்தால் வித்தியாசம் அதிகம், மேகம் போட்டால் கொஞ்சம். ஒரு கோடை போதாது என்றார் அவர். இரண்டு கோடை அளந்தேன். இரண்டு பெட்டி வைத்து ஒப்பிடுகிற யோசனையை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் திரும்பி வந்து, வேப்பமர நிழலில் உட்கார்ந்து, என் ஆறு கோடைகளின் பக்கத்திலும் பென்சிலால் திருத்தம் எழுதினார். இறங்கிக் கிடந்த எண்கள் நிமிர்ந்து, முன்னும் பின்னும் இருந்த வருடங்களோடு ஒரே ஏற்றமாகச் சேர்ந்தன.

"உங்க நோட்டு அடிபடாம நிக்குது, மேஸ்திரி."

நெஞ்சு நிமிர்ந்தது. பிறகுதான் கேட்டேன். "அப்போ வெயில் நிஜமாவே ஏறுதா சார்?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

அவர் போனபின் புல்வெளிக்குப் போனேன். அனல் அலையலையாக எழ, இரண்டு பெட்டிகளும் தண்ணீரில் மிதப்பதுபோலத் தெரிந்தன. ஜெயித்தவன் நான்தான். ஆனாலும் அன்றைய அளவைப் பார்க்கப் பெட்டியின் கதவைத் திறக்காமல் வெகுநேரம் நின்றேன்.