வாள்வீரனுக்கு ஒரு துரும்பு

என் மனைவி ஒரு கையசைப்பில் ஏழு பேய்களை எரித்தாள். அதே நேரத்தில் நான் எட்டாவது பேயின் காலில் ஒரு கீறல் போட்டேன். அதுவும் கட்டை நல்லபடி விழுந்ததால்.

விளையாட்டுத்தான். நல்லூரில் ஒரு ரியூசன் வகுப்பறை, ஒரு மேசை, நாலு கதிரை. ஞாயிறு பின்னேரம் அங்கே பிள்ளைகள் இல்லை. என் மனைவியின் தங்கச்சி, எனக்கு மச்சாள், அங்கே ஆங்கிலம் படிப்பிக்கிறாள். கதவுத் திறப்பு அவளிடம். இணையத்தில் பார்த்துப் பழகி, விதிகளைத் தமிழில் எழுதி, எங்களைக் கூப்பிட்டு இருத்தியவள் அவள்தான். கதையை அவள் சொல்லுவாள். காடு என்பாள், குகை என்பாள், குகைக்குள் என்ன உறுமுகிறது என்பாள். நாங்கள் மூன்று பேர் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரம். என்ன செய்கிறோம் என்று சொல்லிவிட்டு, இருபது முகமுள்ள கட்டையை உருட்ட வேண்டும். பெரிய எண் வந்தால் செய்தது பலிக்கும்.

என் மனைவி மந்திரக்காரி. சந்தியில் மருந்துக்கடை வைத்திருப்பவர் கள்ளன். கிழமை முழுக்க நல்ல மனிசனாக நின்று அலுத்துவிட்டது என்று அவரே கேட்டு எடுத்தது. நான் வாள்வீரன். நான் கேட்கவில்லை. மச்சாள் என்னைப் பார்த்தாள்.

"அத்தானுக்கு வாள்வீரன்தான் சுகம். வாசிக்க ஒண்டும் இல்லை."

பிழையாகச் சொல்லவில்லை. நான் எட்டாம் ஆண்டோடு நின்றவன். இணுவிலில் புகையிலையும் வெங்காயமும் செய்கிறேன். மனைவி உயர்தரம் படித்தவள். கந்தோரில் எழுத்து வேலை.

முதல் இரண்டு மாதம் நான்தான் பெரிய ஆள். மந்திரக்காரியிடம் அப்போது இருந்தது ஒரு சின்ன நெருப்பு. எலி கடித்தாலும் விழுவாள். நான் முன்னுக்கு நிற்பேன், அவள் என் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். "இவரை விட்டிட்டு நான் ஒரு அடி வைக்கமாட்டன்" என்று மேசையில் சொன்னாள். அந்த நாட்களில் எனக்கு விளையாட்டுப் பிடித்திருந்தது.

விளையாட விளையாடப் பாத்திரங்கள் படி ஏறும். படி ஏறினால் எனக்கு இன்னொரு வெட்டு. அவளுக்குப் பறக்க வந்தது. மறைய வந்தது. தொடாமல் கதவு திறக்க வந்தது. ஐந்தாம் படியில் ஒரு கோட்டை மதில். நான் ஏறக் கட்டை உருட்டி, விழுந்து, திரும்ப உருட்டிக்கொண்டிருந்தேன். அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் இறங்கிவிட்டாள்.

"வாறியளோ?" என்றாள்.

"அண்ணைக்கு ஏணி ஒண்டு பாப்பமே" என்றார் மருந்துக்கடைக்காரர். "என்ரை கடையிலை கிடக்கு. மேல்தட்டு மருந்து எடுக்கிறது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பைச் சொல்ல வேண்டும். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயைக் கையால் மூடாமல் வரும் சிரிப்பு. கலியாணம் முடித்துப் பதினாலு வருசம். வீட்டில் அது வந்ததில்லை. வீட்டில் அவள் என்னைப் பற்றிச் சொல்லுவது ஒன்றுதான். "கதவு மாதிரி முகம். கறி நல்லமோ கூடாதோ எண்டு கூடத் தெரியாது."

எனக்கு எரிச்சல். மருந்துக்கடைக்காரரில் இல்லை. அவர் தன் பகிடிக்குத் தானே சிரிக்கிற மனிசன். அந்த மந்திரக்காரியில்தான் எரிச்சல். அவளுக்கு முன்னால் நிற்க ஆள் தேவையில்லை. என் மனைவி மந்திரங்களை எழுதி வைத்த கொப்பியைச் சாப்பாட்டுப் பெட்டியோடு கந்தோருக்குக் கொண்டுபோகத் தொடங்கினாள். வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும்போதும் எனக்கு அந்தக் கொப்பிதான் ஞாபகம். ஒருநாள் அவள் இல்லாத நேரம் திறந்து பார்த்தேன். பதினொரு பக்கம். என்னுடைய பாத்திரம் அரைப் பக்கம்.

புதன்கிழமை ஒரு பை வெங்காயத்தோடு மச்சாளிடம் போனேன். வகுப்பு முடிந்து கரும்பலகை துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, மந்திரக்காரி கூடிப்போனா."

"தெரியும் அத்தான். உது இந்த விளையாட்டின்ரை பழைய வருத்தம். எல்லா நாட்டிலையும் வாள்வீரன்மார் அழுகினம்."

"நான் அழேல்லை."

"இல்லை, நீங்கள் வெங்காயம் கொண்டு வந்திருக்கிறியள்." கதிரையை இழுத்துப் போட்டாள். "நானும் மாத்தத்தான் யோசிக்கிறன். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கோ."

எனக்குத் தெரிந்த நீதி ஒன்றுதான். எங்கள் தோட்டத்துக் கிணறு பங்குக் கிணறு. காலமை ஒருத்தர், பின்னேரம் ஒருத்தர். முறை முடிந்தால் மோட்டரை நிற்பாட்ட வேண்டும். பெரிய தோட்டம், காய்ந்த தோட்டம் என்ற கதை இல்லை.

"காலமை ஒரு மந்திரம். பின்னேரம் ஒரு மந்திரம். அதுக்கு மேலை எண்டால் கதையிலை அடுத்த நாள் விடியவேணும்."

மச்சாள் எழுதிக்கொண்டாள். "அக்காவுக்கு என்ன சொல்ல?"

"நான் சொன்னதெண்டு சொல்லாதையும்."

அவள் பேனையை மூடிவிட்டு என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு வெங்காயப் பையை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தாள்.

ஞாயிறு புது விதியை வாசித்தாள். மருந்துக்கடைக்காரர், "ஐயோ பாவம்" என்றார். என் மனைவி, "சரி" என்றாள். அவ்வளவுதான்.

அன்றைக்கு ஒரு சுரங்கம். முதல் மந்திரத்தை வெளிச்சத்துக்குச் செலவழித்தாள். இரண்டாவதை, வெள்ளத்தில் போன கள்ளனைத் தூக்கி எடுக்கச் செலவழித்தாள். பிறகு சண்டை வந்தது. பெரிய சண்டை. நான் பதின்மூன்று பேரை வெட்டினேன். அதைவிட நல்ல நாள் எனக்கு அந்த மேசையில் இருந்ததில்லை. ஒவ்வொரு சுற்றிலும் மச்சாள், "அக்கா, நீங்கள்?" என்று கேட்டாள்.

"நான் நிக்கிறன்."

அடுத்த சுற்று. "நான் நிக்கிறன்."

என் மனைவி பேனை மூடியைக் கழற்றினாள், பூட்டினாள். கழற்றினாள், பூட்டினாள். மருந்துக்கடைக்காரருக்கும் பகிடி வரவில்லை. நான் பதின்மூன்றாவது ஆளை வெட்டும்போது அவள் யன்னலால் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு நான் மோட்டார் சைக்கிளை வெளியில் எடுத்துவிட்டேன். அவள் வீட்டுடுப்போடு வாசலில் வந்து நின்றாள்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. எனக்குக் கந்தோர் வேலை கிடக்கு."

ஞாயிறு கந்தோர் வேலை இல்லை. அவள் வராவிட்டால் மேசையில் இரண்டு பேர். இரண்டு பேருக்காக மச்சாள் ஞாயிறைக் கெடுக்கமாட்டாள். நான் இயந்திரத்தை நிற்பாட்டினேன். விளையாட்டுப் போனால் போகட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்பும் அதோடு போகும். அது எனக்காக வந்த சிரிப்பு இல்லை. ஆனாலும் பார்க்கக் கிடைத்தது.

உள்ளே போனேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த விதி நான் சொன்னது."

"தெரியும்."

"தங்கச்சி சொன்னவவோ?"

"அவள் வாயே திறக்கேல்லை. காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. பதினாலு வருசம் அந்தக் கிணத்து முறையைக் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன். அவள் எங்கை கிணறு கண்டவள்?"

நான் நின்றேன். அவள் ஒரு சட்டையை இரண்டு தரம் மடித்தாள்.

"ஏன் சொன்னனீங்கள்?"

"எரிச்சல்."

"எதிலை?"

"நீர் பறக்கிறீர்."

இதை எப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. அவள் சட்டையைக் கீழே வைத்தாள்.

"அதுக்கு என்ரையைக் குறைக்கக் கேட்டனீங்கள். உங்கடையைக் கூட்டக் கேட்டிருக்கலாமே."

"எனக்கு என்னத்தைக் கூட்டிறது? வாள்வீரனுக்கு என்ன வரும்?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கறி நல்லமோ என்று பார்க்கிற பார்வை. பிறகு மேசை லாச்சியைத் திறந்து கொப்பியை எடுத்தாள்.

"தீவாளிக்கு மச்சான்மார் வந்தால் முற்றத்திலை முந்நூற்றி நாலு விளையாடுறியள். நான் பின்னாலை நிண்டு தேத்தண்ணி குடுக்கிறனான். உங்கடை கையிலை ஒண்டும் இராது. துரும்பைக் கவிட்டு வைச்சிட்டுக் குந்தியிருப்பியள். என்ரை அண்ணன்மார் நாலு தரம் உங்கடை முகத்தைப் பாப்பினம். பிறகு பயந்து நல்ல சீட்டை விட்டிடுவினம்."

முந்நூற்றி நாலு நாங்கள் விளையாடும் சீட்டு. கூடப் புள்ளி கேட்டவன், மற்றச் சீட்டுகளை வெட்டும் தன் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைப்பான். அது என்னவென்று மற்றவர்களுக்குத் தெரியாது. அதில் என்னை இணுவிலில் வெல்ல ஆள் குறைவு. அவள் அதைப் பார்த்திருப்பாள் என்று நான் நினைத்ததில்லை.

அடுத்த ஞாயிறு இருவரும் போனோம். மந்திரக்காரிக்குப் பழையபடி மந்திரங்களைக் கொடுத்தாள் மச்சாள். பிறகு ஒரு கடதாசியை விரித்து வாசித்தாள். என் மனைவியின் கையெழுத்து.

"வாள்வீரன். சண்டை தொடங்க முதல் ஒரு கட்டையை உருட்டித் தேத்தண்ணிப் பேணியாலை மூடவேணும். அவர் மட்டும் எட்டிப் பாக்கலாம். பிறகு எப்ப வேணுமெண்டாலும் 'துரும்பு இருக்கு' எண்டு சொல்லலாம். எதிரி விலகலாம், இல்லாட்டி எதிர்க்கலாம். எதிர்த்தால் பேணி திறக்கப்படும். பத்துக்கு மேலை எண்டால் எதிரி ஒரே வெட்டிலை முடிஞ்சான். பத்து, இல்லாட்டிக் குறைய எண்டால் வாள்வீரன் விழுந்தார்."

"அக்கா, உது பயங்கரம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

அன்றைக்குப் பாலத்தில் ஒரு கல் அரக்கன். கள்ளன் ஏற்கனவே விழுந்து கிடந்தான். மந்திரக்காரியின் நெருப்பு அந்தக் கல்லில் பிடிக்கவில்லை. அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். அதை வாயாலும் சொன்னாள். "நான் இவருக்குப் பின்னாலை."

சண்டை தொடங்கும்போதே பேணிக்குள் எட்டிப் பார்த்திருந்தேன். மூன்று.

"துரும்பு இருக்கு" என்றேன்.

மச்சாள் என்னைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் மேசையில் கையை வைத்துக்கொண்டு மூச்சு விடவில்லை. நான் வெங்காயத்தை நினைத்துக்கொண்டு இருந்தேன்.

"சீ" என்றாள் மச்சாள். "அரக்கன் விலகிறான். போங்கோ."

நாங்கள் பாலத்தைக் கடந்த பிறகு பேணியைத் தூக்கினேன். மருந்துக்கடைக்காரர் மேசையில் அடித்தார். "மூண்டு. மூண்டை வைச்சுக்கொண்டு இந்த மனிசன்." என் மனைவி தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு. இந்த முறை என்னால்.

அது கொஞ்ச நேரம்தான். மருந்துக்கடைக்காரர் அவள் பக்கம் திரும்பினார். "அக்கா, எப்பிடி உப்பிடி ஒரு விதி யோசிச்சனீங்கள்?" மச்சாள், "இனி விதி எல்லாம் அக்காதான் எழுதவேணும்" என்றாள். மூன்று பேரும் கடதாசிக்கு மேல் குனிந்தார்கள். கள்ளனையும் திருத்த வேண்டுமாம். மூன்றை வைத்து அரக்கனை விலத்தியவன் நான். நான் தேத்தண்ணி ஊற்றினேன்.

திரும்பி வரும்போது அவள் பின்னால் இருந்தாள். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு மேலால் கேட்டாள்.

"எனக்கும் தெரியேல்லை, மூண்டு எண்டு."

"ம்."

"எரிச்சல் போயிட்டுதோ?"

"போயிட்டுது" என்றேன்.

அவள் கொஞ்சம் எட்டி, கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தாள். இணுவில் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.