டாக்டரம்மாவிடம் நான் சொன்ன ‘இல்லை’

போன வருடம் ஆடி மாதம், திருச்சி தென்னூரில் ஒரு தோல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் நடந்தது இது. இன்றைக்கும் வேறு வேலையாக ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் அந்தத் தெருவைக் கடக்கும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு வெங்காய மண்டியில் ரொம்ப வருடமாக எடை போடுகிறேன். மூட்டையின் அடியில் ஈரக் காய் இருந்தால், வாங்க வந்தவரிடம் சொல்லிவிடுவேன். “நீ எனக்கு வேலை பாக்குறியா, அவருக்கு வேலை பாக்குறியா?” என்று முதலாளி முறைப்பார். காலையில் ராஜகோபுரத்து வாசலில் நின்றாவது ரங்கநாதரையும் தாயாரையும் கும்பிடாமல் மண்டிக்குப் போனதில்லை. பொய் சொல்லமாட்டான் என்று மார்க்கெட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவன் செய்த காரியத்தைத்தான் இப்போது எழுதப் போகிறேன்.

எனக்கு ஒரே மகள். ஒன்பது வயதில் அவளுக்கு அம்மை போட்டது. வேப்பிலையும் வேண்டுதலுமாக இருந்துவிட்டோம். சீழ் வைத்து, காய்ச்சல் ஏறின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தெய்வம் உயிரைக் கொடுத்துவிட்டது. ஆனால் இடது கன்னத்தில் சுண்டுவிரல் நுனி பதிகிற அளவுக்கு ஒரு குழி நின்றுவிட்டது. வலது தோளில் ஒரு கொப்புளம் ஆறினது வேறு மாதிரி. அது தடித்து, சிவந்து, வருடா வருடம் கொஞ்சம் வளர்ந்து, புளியங்கொட்டை மாதிரி மேடாகிவிட்டது. ஒரே நோய்தான், ஓரிடத்தில் குழி, ஓரிடத்தில் மேடு. தோளில் இருந்ததைத் துணி மூடிக்கொண்டது. கன்னத்தை எதைக்கொண்டு மூடுவது?

பி.காம் முடித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். கலகலப்பானவள். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, அவளுடைய இடது பக்கத்தையே பார்த்துவிட்டு, “கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று போனார்கள். நாலு இடம் அப்படிப் போனது. “ஒண்ணையே தாங்க மாட்டேங்கறாங்க. தோள்ல இருக்கிறத யார்ட்டயும் மூச்சு விடாதீங்க” என்று என் மனைவி சொன்னாள். நானும் சரி என்றேன். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது. யாராவது, “வேற ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் ‘இல்லை’ வந்துவிடும்.

ஐந்தாவதாக உப்பிலியபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு என் மகளைப் பிடித்திருந்தது. அவனுடைய அத்தை தென்னூரில் இருக்கிறார். அந்தம்மாதான், “கன்னத்தை மட்டும் சரி பண்ணிட்டா நிச்சயம் வச்சுக்கலாம். நல்ல டாக்டர் இருக்காங்க, நானே கூட்டிட்டுப் போறேன்” என்றார். மகளுக்கு இஷ்டமில்லை. “எனக்கு இது பழகிடுச்சுப்பா. உங்களுக்குத்தான் இன்னும் பழகல” என்றாள். நான்தான் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனேன்.

கிளினிக்கில் நான், மகள், அந்த அத்தை மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். காதுக்குப் பின்னால் பச்சைப்பயறு அளவுக்குத் தோல் எடுப்பார்களாம். அதை வெளியூர் லேபுக்கு அனுப்பி, அங்கே பக்குவப்படுத்தி, ஊசியில் ஏற்றுகிற மாதிரி செய்து திருப்பி அனுப்புவார்களாம். மூன்று மாதம் ஆகுமாம். அதைக் கன்னத்துக் குழியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் மேடேறுமாம்.

“மாடு, பன்னி அதுலேருந்து எடுக்கிறது எதுவும் உள்ள போகாதுங்களே?” என்று நான் கேட்டேன். யாரோ மண்டியில் சொல்லி வைத்த பயம்.

“ஊசியில போறது உங்க பொண்ணோடதுதாங்க. அவங்க தோலு அவங்களுக்கே.”

அதைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெருமாள் அவள் உடம்பிலேயே மருந்தை வைத்துவிட்டு இத்தனை வருடம் காத்திருந்தாரே என்று தோன்றியது.

“பயப்படாதீங்கண்ணே” என்றார் அத்தை. “கல்யாண ஆல்பத்துல பொண்ணு நிலா மாதிரி இருக்க வேணாமா?”

“நிலாவுலயும் குழி இருக்குங்களே அத்தை” என்றாள் மகள். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

சிரித்தபடிதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். “அம்மைத் தழும்பு வேற எங்கயாவது தடிச்சு, மேடா வளர்ந்திருக்கா? காயம் ஆறினப்புறம் பெருசாயிருக்கா?”

மகளின் கை துப்பட்டாவை ஒதுக்கப் போவது போல வலது தோளுக்குப் போனது. அந்த அத்தை திரும்பி அவளைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன். “இல்லைங்க. அப்படி எதுவும் இல்லை.” மகளின் கை துப்பட்டாவை இழுத்துச் சரி செய்துவிட்டு மடிக்குத் திரும்பியது.

வீட்டுக்குப் போகும்போது, பஸ் காவேரிப் பாலத்தில் ஏறினதும் அவள் மெதுவாகக் கேட்டாள். “ஏம்ப்பா சொல்லல?”

“அந்தம்மா பக்கத்துல உக்காந்திருக்குல்ல?”

“டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிடலாம்ப்பா.”

“அது தோள்ல இருக்கு, இது காதுக்குப் பின்னாடி. அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆடியில் நல்ல காரியம் வேண்டாம், ஆவணி பிறக்கட்டும் என்று நானே டாக்டரம்மாவிடம் தவணை கேட்டேன். மூன்று வாரம் கிடைத்தது. நாள் பார்த்தேன், ராகுகாலம் பார்த்தேன், அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவேரியில் முழுகி எழுந்து வேண்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த மூன்று வாரத்தில் அந்த ஒரு நிமிடம் எனக்குக் கிடைக்கவில்லை.

தோல் எடுக்கிற நாளில் அத்தை வரவில்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். போன முறை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கூசினேன். ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். நோயாளியைப் பற்றிச் சொன்ன விவரமெல்லாம் உண்மை என்று அதில் எழுதியிருந்தது. அவள் பெரியவள், அவள் கையெழுத்துத்தான் முக்கியம், நீங்கள் பக்கத்தில் போட்டால் போதும் என்றார் நர்ஸ். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் அந்தக் காகிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டேன். சட்டைப் பையில் தாயார் சன்னதி மஞ்சள் மடித்து வைத்திருந்தேன். அதைத் தொட்டு நாலு மூலையிலும் வைத்தேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். மகள் பேனாவை வாங்கி, ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானும் போட்டாள்.

காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. நான் நிம்மதியாக மண்டிக்குப் போய் வந்தேன். புரட்டாசியில் அவள் அடிக்கடி காதுக்குப் பின்னால் சொறிவதைப் பார்த்தேன். கேட்டால், “வேர்வைப்பா” என்பாள். பிறகு முடியைத் தளர்த்தி, காதை மூடிப் பின்ன ஆரம்பித்தாள். அதையும் பார்த்தேன். பார்த்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை.

தீபாவளியன்று விடியலில் என் மனைவி அவள் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே வந்த கை ஓரிடத்தில் நின்றுவிட்டது. “ஏங்க, இங்க வாங்களேன்” என்ற குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. காதுக்குப் பின்னால், தோல் எடுத்த இடத்தில், கொண்டைக்கடலை அளவுக்குச் சிவப்பாக, வழவழவென்று ஒரு கட்டி. தோளில் இருப்பதன் தம்பி மாதிரி இருந்தது. தெருவில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் அவள் நெற்றியில் வழிந்தது.

கார்த்திகையில் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. மருந்து வந்துவிட்டதாம். போனோம். சின்ன ஐஸ் பெட்டியில் அவள் பெயர் எழுதின குப்பியை நர்ஸ் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். என் மகளின் உடம்பிலிருந்து போய், ஊர் சுற்றிவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. கும்பிட வேண்டும் போல இருந்தது. டாக்டரம்மா உற்சாகமாக எழுந்து வந்து, மகளின் முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் பார்த்தார். அப்படியே நின்றார்.

“இது எப்பலேருந்து இருக்கு? இதுக்கு முன்னாடி உடம்புல எங்கயாவது இப்படி வந்திருக்கா?”

என்னைத்தான் பார்த்துக் கேட்டார். மகள் துப்பட்டாவை விலக்கி, சுடிதாரின் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டினாள்.

“இதை ஏம்மா அன்னைக்குச் சொல்லல?”

“அப்பா இல்லைன்னு சொல்லிட்டாங்க மேடம்.”

அதில் கோபம் இல்லை, குறை இல்லை. பில்லில் இருப்பதை வாசிக்கிற மாதிரி சொன்னாள். நாலு பேர் நடுவில் என்னை அறைந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

டாக்டரம்மா பழைய காகிதத்தை எடுத்து மேஜையில் போட்டார். பிள்ளையார் சுழியும், நாலு மூலை மஞ்சளும், என் கோணல் கையெழுத்தும் அப்படியே இருந்தன. அவர் திட்டவில்லை. “இவங்களுக்குக் காயம் பட்ட இடமெல்லாம் இப்படித் தடிக்கிற உடம்பு. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் தோலே எடுத்திருக்க மாட்டேன். இப்ப கன்னத்துல ஊசி போட்டா, குத்தின இடமெல்லாம் கட்டியா வளர்ந்துடுமோன்னு பயமா இருக்கு. குழி இருக்கிற முகத்துல மேடு வேணாம். இந்த மருந்தை நான் போட மாட்டேங்க” என்றார்.

அப்போதுதான் நான் அந்தக் குப்பியைப் பார்த்தேன். “இதை என்னங்க பண்ணுவீங்க?”

“எரிக்கிறதுக்கு அனுப்பிடுவோம். அதுதான் முறை.”

“என்கிட்ட குடுத்துடுங்கம்மா. காவேரியில விட்டுடறேன். அது என் பொண்ணோட உடம்பு.”

“குடுக்கக் கூடாதுங்க” என்றார் அவர், ரொம்ப மெதுவாக.

நான் கைகூப்பிக் கேட்டேன். மகள்தான் எழுந்து என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். “வாங்கப்பா, போலாம்.” உயிரோடு இருக்கிற பெண், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன், அவள் சதையில் ஒரு துளியை எரிக்க விட்டுவிட்டு வருகிறேன். அம்மை கண்டபோது அவளை ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு நான் அழவில்லை. இந்த முறை கிளினிக் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த அத்தை அன்று மாலையே போன் செய்தார். இந்த முறை ஒன்று விடாமல் சொன்னேன், தோளில் இருப்பதையும் சேர்த்து. கேட்டுக்கொண்டார். “நல்ல நாள் பார்த்துச் சொல்றோம்ணே” என்றார். பிறகு போன் வரவில்லை. தோள் சமாசாரம் முதலிலேயே தெரிந்திருந்தால் அந்தப் பையன் என்ன சொல்லியிருப்பானோ, அதைத் தெரிந்துகொள்ள இனி வழியில்லை.

இப்போது மாதம் ஒருமுறை போகிறோம். காதுக்குப் பின்னால் உள்ள கட்டிக்குள் ஊசி போட்டு அமுக்க வேண்டியிருக்கிறது. ரொம்ப வலிக்கும் என்று டாக்டரம்மாவே சொல்கிறார். மகள் துப்பட்டாவின் நுனியைக் கடித்துக்கொள்கிறாள். நான் திரைக்கு வெளியே உட்கார்ந்து பெருமாள் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் அவள் கன்னம் சரியாக வேண்டும் என்று வேண்டுவேன். இப்போது எதை வேண்டுவது என்று தெரியாமல் பெயரை மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு புது நர்ஸ் வந்திருந்தார். எழுதிக்கொண்டே, “வேற எங்கயாவது இருக்காங்க?” என்று என்னைக் கேட்டார். நான் மகளைப் பார்த்தேன். அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பழக்கத்தில். நான் சும்மா இருந்தேன். அவளே சொன்னாள். “கன்னத்துல குழி. தோள்ல ஒண்ணு. காதுக்குப் பின்னாடி ஒண்ணு.”

முதல் இரண்டும் அம்மை தந்தவை, மூன்றாவது நான் தந்தது; அதை அவள் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனால் காலையில் சன்னதியில் கண்ணை மூடினால் பெருமாளுக்கு முன்னால் எனக்கு அந்த மூன்றாவதுதான் தெரிகிறது.